கராந்தி இல்லாத கம்ப்யூட்டர்

என் மகளுக்குக் கரண்ட் அடித்து பத்து மாதம் ஆகிறது. இன்றும் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இன்னும் அந்த ஒயரையெல்லாம் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாளா என்பார்கள். இருக்கிறாள் என்பேன். நீங்களும் அவள் போக்கில் விட்டுவிட்டீர்களா என்பார்கள். விட்டுவிட்டேன் என்பேன். டீச்சராக இருந்துகொண்டு இப்படியா என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் பயந்தவள். அதை மறைக்கப்போவதில்லை. மகள் சைக்கிளில் காலேஜுக்குப் போக ஆரம்பித்த முதல் மாதம், முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் பின்னாலேயே நடந்து போயிருக்கிறேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெருவுக்கே தெரிந்திருந்தது.

அவள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், இயற்பியல். அவளுடைய காலேஜில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, ஏ.சி. அறையில், கண்ணாடிக்குப் பின்னால். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாரத்தில் ஒருநாள், ஒரு தடவைக்கு ஐந்து பேர். முன்னால் உட்கார்ந்தவர் தட்டலாம். மற்ற நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். என் மகள் எப்போதும் அந்த நாலு பேரில் ஒருத்தி. ஒருநாள் யாரோ அதில் ஒரு விளையாட்டை ஓடவிட்டார்களாம். ஒரு கோடுதான் மட்டை, ஒரு புள்ளிதான் பந்து. பந்து வந்து மட்டையில் பட்டால் திரும்பிப் போகும். அவ்வளவுதான் விளையாட்டு. அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பந்து எப்பத் திரும்பணும்னு யாரோ எழுதி வெச்சிருக்காங்கம்மா. அதை நான் எழுதணும்."

விளையாட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. இதைப் பிறகு யாருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

ஒரு ஆங்கில எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில், வீட்டு டிவியோடு சேர்த்து ஓட்டுகிற சின்ன கம்ப்யூட்டரை நாமே கட்டுவது எப்படி என்று மாதாமாதம் படத்தோடு போட்டிருந்தார்கள். சாமான்களின் பட்டியலை எழுதிக்கொண்டு அவளும் நானும் மெட்ராஸ் பஸ் ஏறினோம். ரிச்சி தெருவில் ஒரு கடையில், சாமான்களைப் பதிக்கிற பச்சைப் பலகை கிடைத்தது. இன்னொரு கடையில் ஐ.சி.; இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்புப் பூச்சி மாதிரி இருந்தது. கடைக்காரர் தம்பிக்கு வாங்குறியாம்மா என்று அவளிடம் கேட்டார். இல்லை, எனக்கு என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி அவற்றைப் பலகையில் ஒட்ட ஆரம்பித்தாள்.

என் கணவரின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயரானவர். பென்ஷனோடு பாரீஸ் பக்கத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, இதே ஊரில் தன் வீட்டில் ஆறு மாதம் தங்குவார். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுத்தான் எடுக்கப்படும். இதற்கும் என் கணவர் போட்டார். பதில் கடிதம் வரவில்லை. சித்திரையில் அவரே வந்தார், ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு.

நம்ம வீட்டுப் பெண் ரிச்சி தெருவில் பொறுக்குவதா என்றார். கூடத்தின் நடுவில் பெட்டியை வைத்துப் பிரித்தார். உள்ளே ரெடிமேட் கம்ப்யூட்டர், சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாக. கூடவே நாலு விளையாட்டு கேசட். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல்படி வரைக்கும் வந்துவிட்டார்கள். "வொலா, இதோ பாருங்க," என்று அவர் அதைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்படியொரு நிம்மதி. உண்மையைச் சொல்கிறேன், அது ஓடிவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். மூடிய பெட்டி. ஈயப்புகை கிடையாது. என் நாற்காலியின் கையில் சூட்டுத் தழும்பு விழாது.

அது ஓடவில்லை. டிவியில் மாட்டுகிற ஒயரின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ப்ளக் இருந்தது. அதில் இருபத்தொரு கால். மகள் எண்ணிப் பார்த்தாள். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியின் பின்னால் ஏரியல் செருக ஒரே ஒரு ஓட்டை. கணவரின் அண்ணன் டிவியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரான்ஸில் எல்லா டிவியிலும் இது இருக்கும் என்றார். தப்பு டிவி மேல்தான் என்றார்.

இந்த முனையை வெட்டிவிட்டு, எந்தக் காலில் படம் வருகிறது என்று பார்த்து வேறு மாதிரி இணைக்கலாம் என்றாள் மகள். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தொடாத. பிரிச்சா கராந்தி போயிடும்." கேரண்டியை அவர் பிரெஞ்சுக்காரர் மாதிரி கராந்தி என்பார்.

"பாரீஸ்ல குடுத்த கராந்திய இங்க யார்கிட்ட பெரியப்பா காட்றது? கவர்னர்கிட்டயா?"

வாசல்படியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது அதற்கேற்ற டிவியும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டர் பீரோவின் மேல் ஏறியது. நான் அதன்மேல் குரோஷா துணி போட்டு மூடினேன்.

மகள் தன்னுடையதைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு காலாக ஈயம் வைத்து, பத்திரிகைப் படத்தோடு ஒத்துப் பார்த்து, பென்சிலால் டிக் அடித்து. ஆடி மாதம் முடித்துவிட்டாள். டிவியில் படம் தெரிய வேண்டியதுதான் பாக்கி. ஏரியல் ஓட்டை வழியாகப் படத்தை அனுப்ப ஒரு சின்னத் தகர டப்பா தேவை. அவள் வாங்கியிருந்தது சரியில்லை. திரையில் படம் நீரில் கரைந்த மாவாக ஓடியது. அதனால் டிவியின் முதுகைத் திறந்து, உள்ளேயே நேராக ஒயரைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தாள். டிவியை ஓடவிட்டு, உள்ளே இருந்த தகரச் சட்டத்தில் டெஸ்டரை வைத்துக் காட்டினாள். டெஸ்டரின் சின்ன பல்பு எரியவில்லை. கரண்ட் இல்லைம்மா, நீயே பார் என்றாள். பார்த்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தோம்.

சாயங்காலம் ஐந்தரை மணி. டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒயரை எங்கே வைத்தால் படம் வருகிறது என்று பார்க்க அது ஓட வேண்டும். டார்ச் லைட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன். ஒரு கையில் ஒயரோடு, மறு கையால் அவள் அந்தச் சட்டத்தைப் பிடித்தாள்.

கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி. கை விடவில்லை. டார்ச்சைப் போட்டுவிட்டு நான் சுவருக்குப் போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். நாலு அடி தூரம். எப்படிப் போனேன் என்று தெரியாது. அவள் பின்னால் விழுந்தாள். விழுந்ததும் இருமினாள். அந்த இருமலைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி போனோம். நெஞ்சில் ஒயர் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கை வெந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

டிவியின் முதுகை மூட செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தார். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார். இந்த மாதிரி செட்டில் ப்ளக்கைத் திருப்பிச் செருகினால் உள்ளே இருக்கிற தகரமெல்லாம் கரண்டாகிவிடும் டீச்சர் என்றார். இரண்டு கால் ப்ளக், எப்படிச் செருகினாலும் டிவி ஓடும். ஒரு பக்கம் செருகினால் தகரத்தில் கரண்ட் இருக்காது, மறுபக்கம் செருகினால் இருக்கும். சொல்லிவிட்டு அவர் ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது நான் எழுந்து மறுநாளைக்கான புடவையை இஸ்திரி போட்டேன். கூடத்தில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். டிவி ப்ளக்கை உருவிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். முடித்ததும் டிவி ப்ளக்கைத் திரும்பச் செருகினேன். எந்தப் பக்கம் என்று யார் பார்த்தார்கள்.

மெக்கானிக் போன பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பகல், ஒரு இரவு வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை கணவரின் அண்ணன் வந்தார். நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சாமான்களை எல்லாம் காயலான் கடையில் போடுங்கள் என்றார். டிகிரியை முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம், இதெல்லாம் வெளியே தெரிந்தால் நல்லதில்லை என்றார். என் கணவர் தலையாட்டினார். மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளே எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"என் தப்புதான் பெரியப்பா," என்றாள். "நான் சரியாப் பாக்கல."

நான் அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு வந்தேன். எங்கள் வீட்டில் அவர் பேசும்போது நான் கூடத்துக்கு வருவதில்லை.

"அவ சரியாத்தான் மாமா பாத்தா. மதியானம் ப்ளக்கை உருவித் திருப்பிச் சொருகினது நான்."

அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "அப்ப நீதான் புள்ளையக் கொல்லப் பாத்தியா?" என்று கேட்டார்.

"ஆமா. என் கையாலதான் ஆச்சு. அதுக்கு என்னைத் திட்டுங்க. அவ சாமானைத் தூக்கிப் போடச் சொல்லாதீங்க."

"ரெடிமேடா, கராந்தியோட வாங்கியாந்து குடுத்தேனே. அதுல யாருக்காவது அடிச்சுதா?"

"அதுல எப்படி மாமா அடிக்கும்? அது இன்னும் ஓடவே இல்லியே."

என் கணவரிடமிருந்து தும்மலை அடக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கணவரின் அண்ணன் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வராமலே பிளேன் ஏறினார். அதற்கும் என்னைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

மகள் அங்கேயே நின்றிருந்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப காலைல டெஸ்டர் எரியாதது சரிதானா?"

"சரிதான்."

"எனக்குப் பாக்கத் தெரியலன்னு நெனச்சுட்டேம்மா. மூணு நாளா அதான்."

சொல்லிவிட்டு அழுதாள், ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். பிறகு, தொடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடது கையால் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

ரெடிமேட் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் மிக்ஸி ரெடிமேட். அது ஓடுகிறது, நான் அதைத் திறந்து பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். தானே கையால் கட்டுகிறவர்களுக்குக் கரண்ட் அடிக்கும் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் என் பயத்துக்காக என் மகள் மூடிய பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால், அது முடியாது. கண்ணாடி அறைக்குள் வேடிக்கை பார்த்த அந்த நாலு பேரில் ஒருத்தியாக அவள் போதுமான நாள் நின்றுவிட்டாள். பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

டிவியின் முதுகை இனித் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். மெட்ராஸ் போய் வேறு தகர டப்பா வாங்கி வந்தோம். ஐப்பசியில், மழை பெய்து காலேஜ் லீவு விட்ட ஒரு நாளில், பந்து நகர்ந்தது. என் கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்தார்.

"பந்து ஏன் சதுரமா இருக்குது?"

"அப்படித்தான்பா எழுதியிருக்கேன்."

"பந்துன்னா உருண்டையா இருக்க வேணாமா?"

"உருண்டையா வேணும்னா நீங்க எழுதிக்குங்க."

அவர் ஆறு ஆட்டம் ஆடினார். ஆறிலும் தோற்றார். நானும் ஒரு ஆட்டம் ஆடினேன். என் மட்டை ஒரு இடத்தில் நிற்கவில்லை. தோற்றேன்.

இப்போது பந்து மட்டையில் படும்போது சத்தம் வர வேண்டுமாம். அதற்குத் தனியாக ஒரு ஐ.சி. இருக்கிறதாம். கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: வருகிற சனிக்கிழமை காலை ஐந்து மணி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் மெட்ராஸ் போகிறோம்.