புளியங்கண்மாயைச் சுத்திப் பாதை போட்ட கதை

இப்ப ஓவர்சியர் வேலைக்கு வர்ற பிள்ளைக, "அண்ணே, உங்க காலத்துல எல்லாம் நிம்மதியான உத்தியோகம்"னு சொல்லுதுக. எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதுகளுக்காகத்தான் இதைச் சொல்றேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், ரெண்டாவது உலகச் சண்டை வர்றதுக்குச் சில வருசம் முந்தி.

முதல் பாதை

மதுரைக்குப் பக்கத்துல, பசுமலைக்குத் தெக்கே புளியங்கண்மாய்னு ஒண்ணு. கரை மேல வரிசையாப் புளியமரம், கரைக்கு வெளியே நெல்லு வயல். எங்க இஞ்சினியர் சீமையில படிச்சிட்டு வந்தவர். அங்க ஒரு ஏரியைச் சுத்தி ஜனங்க குடும்பம் குடும்பமா நடந்து போறதையும், புல்லுல உக்காந்து பலகாரம் திங்கிறதையும் பாத்துட்டு வந்துட்டார். நான் வேலையில சேந்த அன்னைக்கே மேசையில ஒரு பிளானை விரிச்சார். கண்மாயை முட்டை மாதிரி வரைஞ்சு, சுத்திச் செவப்பு மையில ஒரு கோடு இழுத்திருந்தார்.

"தண்ணியை ஒட்டியே பாதை போகணும்யா. பிள்ளைக கையை நீட்டினாத் தண்ணி தொடணும்"னார்.

பசுமலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்மாரும் டவுன் குமாஸ்தாமாரும் பெண்டு பிள்ளைகளோட வந்து காத்து வாங்கணும்னு அவருக்கு ஆசை. ஆசையில தப்பில்ல. ஆனா கண்மாய் முட்டை இல்லையே! ஒரு பக்கந்தான் கரை. மத்தப் பக்கமெல்லாம் தரை சும்மா சரிஞ்சு கிடக்கும். மழை பெஞ்சாத் தண்ணி ஏறி வரும், வெயில் அடிச்சா இறங்கிப் போகும். இதைச் சொன்னேன். நீ நேத்து வந்தவன், சொன்னதைச் செய்னுட்டார்.

ஆடி மாசம். தண்ணி நடுவுல குட்டை மாதிரி கிடந்துச்சு. அதை ஒட்டிச் சரளை கொட்டி, திமிசுக்கட்டையால இடிச்சு, ஓரத்துல வெள்ளையடிச்ச கல்லு நட்டேன். பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ஐப்பசியில மழை பிடிச்சதும் எல்லாம் தண்ணிக்கு அடியில போயிருச்சு. மீனுக்கு ரோடு போட்ட மகராசன் வாரான்னு ஊர்ல என்னைப் பாத்துச் சிரிச்சாக. இஞ்சினியர் கரையில வந்து நின்னு பாத்தார்.

"பாதை எங்கய்யா?"

"உள்ள இருக்கு சார்."

ரெண்டாவது பாதை

அடுத்து, தண்ணி முழுசா நிக்கிற மட்டத்தைக் கணக்குப் பண்ணி அதுக்கு மேல போட்டேன். திரும்பவும் சரளை, திரும்பவும் திமிசு, திரும்பவும் வெள்ளைக்கல்லு. பங்குனியில பாத்தாத் தண்ணி கண்ணுக்கெட்டாத தூரத்துல கிடக்கு, என் பாதை கருவேலங்காட்டுக்குள்ள போகுது. ஆடுகளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கல்லு மேல ஏறி நின்னு கருவக்காயை எட்டித் தின்னுச்சுக. இஞ்சினியர் திரும்ப வந்தார்.

"தண்ணி எங்கய்யா?"

தலையில அடிச்சுக்கிட்டு அழலாம் போல இருந்துச்சு. வயலுக்குப் பாஞ்சது போக மிச்சம் வெயில்ல வத்திப்போச்சு சார்னேன். அவர் காதுல மொதப் பாதி மட்டுந்தான் விழுந்துச்சு. வயலுக்குப் போறதாலதானே இறங்குது, அப்ப போகாமப் பாத்துக்கிடணும்னார்.

மடைச்சாவி

கரைக்கு அடியில வயலுக்குத் தண்ணி விடுற வழிதான் மடை. அதோட இரும்புக் கதவைத் திருகித் திறக்க ஒரு சாவி உண்டு, முழங்கை நீளத்துக்கு. அது எப்பவும் ஊர்லதான் இருக்கும். ஒச்சம்மாங்கிற அம்மா வச்சிருந்துச்சு. முன்ன அது புருசன் வச்சிருந்தார். அவர் போனப்புறம், மடைக்கு நேர் கீழ வயல் வச்சிருக்கிறவ நீதானே, நீயே வச்சுக்கன்னு ஊர் விட்டுருச்சு. அந்தச் சாவியை வாங்கி ஆபீஸ்ல வையின்னு இஞ்சினியர் உத்தரவு போட்டார். நான் போய் வாங்கிட்டு வந்தேன். அந்தம்மா சாவியில ஒட்டியிருந்த மண்ணை முந்தானையில துடைச்சுக் குடுத்துச்சு.

அந்த வருசம் மழை பிந்திப் போச்சு, மழையை நம்பி நட்ட நடவும் பிந்திப் போச்சு. கார்த்திகைக் கடைசியிலதான் கண்மாய் பெருகித் தண்ணி பாதையைத் தொட்டுச்சு. இஞ்சினியருக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கணுமே! மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் திறப்பு விழா, மேலதிகாரி குடும்பத்தோட வாரார், அதுவரைக்கும் மடையைத் திறக்கப்படாதுன்னார். விழா நல்லபடியா முடிஞ்சா என் வேலையை நிரந்தரமாக்க எழுதுறேன்னும் சொன்னார். அப்ப நான் டெம்பரவரி.

மார்கழி முழுக்க ஒச்சம்மா தினம் ஆபீசுக்கு வந்துச்சு. கதிர் வெளிய வர்ற நேரம், இனிமேத்தான் பால் பிடிக்கணும், இப்பத் தண்ணி இல்லைன்னா அம்புட்டும் பதராப் போகும்னு சொல்லிச்சு. நான் இஞ்சினியர்கிட்டச் சொன்னேன். விழா முடியட்டும்னார். திரும்ப அந்தம்மாகிட்ட வந்து விழா முடியட்டும் ஆத்தான்னேன். இப்படியே தறிநாடா மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனேன். ரெண்டு பக்கமும் எனக்குத்தான் திட்டு.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கையில, ஒரு கதிரை ஒடிச்சு எடுத்துட்டு வந்து என் மேசை மேல வச்சுச்சு. ஒரு நெல்லை எடுத்து நகத்தால நசுக்கிக் காட்டுச்சு. பால் வரலை.

"ஏப்பா ஓவர்சீயரு, நீ பாதை போடு, நான் வேணாங்கல. ஆனா வருசம் பூரா நான் எதைத் தின்னுட்டு உன் பாதையில நடக்கன்னு சொல்லிட்டுப் போடு."

நானும் வெள்ளாமை பாக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். சாவியை எடுத்துத் தோள்ல போட்டேன். பட்டப்பகல்ல, ஊரே பாக்கக் கரைக்குப் போய் மடையைத் திறந்துவிட்டேன். வேலை போனாப் போகுது, ஒரு களம் நெல்லைக் கொன்னுட்டு எனக்கு என்ன நிரந்தரம் வேண்டிக் கிடக்குன்னு கோவந்தான்.

திறப்பு விழா

சரிஞ்ச தரையில தண்ணி மட்டம் ஒரு சாண் இறங்கினா, ஓரம் ஒரு வயல் தூரத்துக்குப் பின்வாங்கிரும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த இஞ்சினியர் விழா அன்னைக்குத்தான் வந்து பாத்தார். விழா அன்னைக்குப் பாதைக்கும் தண்ணிக்கும் நடுவுல கருஞ்சேறு. கரையில ரிப்பன் கட்டி, நாற்காலி போட்டு, மேலதிகாரி பேசிக்கிட்டு இருக்கார். இஞ்சினியர் சேத்தைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். பேச்சு முடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறது தெரியுது.

அந்நேரம் பாத்து, கரைக்குக் கீழ மடைத்தண்ணி சலசலன்னு ஓடுற சத்தம் பிள்ளைக காதுல விழுந்துருச்சு. ஒண்ணு இறங்குச்சு. அது பின்னாடி எல்லாம் இறங்குச்சு. பிள்ளையைப் பிடிக்கப் போன தாய்மாரு சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாய்க்கால்ல காலை விட்டாக. வாத்தியார்மாரு செருப்பைக் கழட்டுனாக. கொஞ்ச நேரத்துல வாய்க்கால் ரெண்டு பக்கமும் ஜனம் உக்காந்து புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சிருச்சு. ரெண்டு வருசம் நான் இடிச்ச பாதையில ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு ஆடு நின்னுச்சு.

அது பரவாயில்ல. பிள்ளைக வாய்க்காலை விட்டு ஒச்சம்மா வரப்புல ஏறிருச்சுக. இப்பத்தான் பால் பிடிச்சு உசுரு வந்த பயிரு! நான் ஒரு கருவமுள்ளு வெட்டி வரப்புக்குக் குறுக்க இழுத்துப் போட்டு, அங்கேயே நின்னுட்டேன். அந்தப் பக்கம் ஒச்சம்மா நின்னு என்னை வையுது. தண்ணி கேட்டாக் கூட்டத்தையும் சேத்துத் திறந்துவிட்டுருக்கியேன்னு வையுது. ஒரு பிள்ளையைக்கூட உள்ள விடல. அந்தி வரைக்கும் ரெண்டு பேரும் காவல் காத்தோம்.

நடுவுல இஞ்சினியர் இறங்கி வந்தார். கூடவே மேலதிகாரி, கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு.

"யாருய்யா மடையைத் திறந்தது?"ன்னு இஞ்சினியர் என்கிட்டப் பல்லைக் கடிச்சார்.

"நான்தான் சார்."

சொல்லி வாய் மூடல, மேலதிகாரி இஞ்சினியர் தோள்ல தட்டினார். இம்புட்டு நல்ல இடத்தை மதுரைப் பக்கம் பாத்ததே இல்ல, இந்த வாய்க்கால் யோசனை பிரமாதம்னார். எங்க இஞ்சினியர் கண்ணை இமைக்கல. ஆமா சார், நான்தான் ஓவர்சியர்கிட்டத் திறக்கச் சொன்னேன்னார்!

நான் முள்ளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

மறுநாள் கூப்பிட்டார். நிரந்தரத்துக்கு எழுதிட்டேன்னார். சந்தோசப்படலாம்னு வாயைத் திறக்கிறேன், அடுத்த உத்தரவு வருது. இனிமே வருசம் பூரா மடையைத் திறந்தே வையி, ஜனங்க எப்ப வந்தாலும் வாய்க்கால்ல தண்ணி ஓடணும். மூடுறப்பவும் பயிரைக் கேக்கல, திறக்கிறப்பவும் பயிரைக் கேக்கல. திறந்தே போட்டா மாசியிலேயே கண்மாய் காஞ்சு, மாடு குடிக்கத் தண்ணி இருக்காதுன்னு சொல்ல வாயெடுத்தேன். ரெண்டு வருசமாச் சொல்லி என்ன கண்டோம்? சரி சார்னு வந்துட்டேன்.

நேரா மடைக்குப் போனேன். வயல் குடிச்சது போதும்னு ஒச்சம்மா சொன்னப்புறம் மூடினேன். மூடிட்டுச் சாவியை அது கையில குடுத்தேன். அந்தம்மா என்னைப் பாத்துச்சு, சாவியைப் பாத்துச்சு, முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு. மாசியில அறுப்பு. நெல்லு மணி மணியா வந்துச்சு.

கண்மாயைச் சுத்திப் பாதை போடப் போற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்றேன். பிளானை விரிக்கிறதுக்கு முந்தி மடைக்குக் கீழ இறங்கிப் பாருங்க. தண்ணிக்கு அங்க ஆள் காத்துக்கிட்டு இருக்கும்.

விழா முடிஞ்ச அடுத்த வாரமே இஞ்சினியர், மடை மூடிக் கிடக்கிறதைப் பாத்துட்டுத் திறக்கச் சொன்னார். சாவி தொலைஞ்சு போச்சு, தேடிக்கிட்டு இருக்கேன் சார்னேன். அவர் மாறிப் போனார், அடுத்தவர் வந்து கேட்டார், அவருக்கும் அதே பதில்தான். ரிடையர் ஆகிற வரைக்கும் அந்தச் சாவியை நான் தேடிக்கிட்டேதான் இருந்தேன்.