வடமாலபேட்டைக்கு வந்த கடல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. மூன்றாம் வகுப்பு வாத்தியாரையே நம்பாமல் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன் நான். பேய் என்னைப் பிடித்தாலும் எனக்குச் சாப்பாடு போட்டே அழிந்துபோகும். சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வரிசையாக வந்து, கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிந்த சமயம். என் மச்சான் சேகர், அதாவது என் மனைவி தனத்தின் தம்பி, அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்தத் தெம்பில் தனம் வடமாலபேட்டையில் சென்னை ரோட்டோரம் டிபன் கடை போட்டாள். புதுக் கடைக்குக் கண்ணு படக்கூடாதென்று அமாவாசையில் கடல் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் பக்கம் கடலுக்கு எங்கே போவது, மலைதான் இருக்கிறது. அதனால் நானும் சேகரும் ஒரு காலி கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டு, பழவேற்காடு ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குக் கிளம்பினோம்.

"தம்பிய பத்திரமா இட்டுக்கினு வா. கேனு போனா போவுது" என்றாள் தனம்.

"அப்ப நானு?"

"நீ கேனோட சேத்தி."

மதியம் போய்ச் சேர்ந்தால் தண்ணீரையே காணோம், வெகுதூரத்துக்குக் கறுப்புச் சேறு, நடுவில் ஒல்லியாக ஒரு வாய்க்கால் மட்டும். ஒரு பொம்பளை பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கூடையை எடுத்தாள்.

"அண்ணே, உள்ள போவாதீங்க. இப்போ வத்தம். செத்த நேரத்துல ஏத்தம் புடிச்சிரும்."

"மழையே இல்ல, தண்ணி எங்கேந்தும்மா வரும்?" என்றேன். எங்கள் ஊர் ஏரி ஒருமுறை வற்றினால் அடுத்த மழை வரைக்கும் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், டிராக்டர்கூட நிறுத்துவார்கள். தண்ணீரைப் பற்றி நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

"நெலா இழுக்குதுண்ணே. ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வத்தும், ஒரு நாளைக்கு ரெண்டு தபா. தெனமும் முக்கா மணி, ஒரு மணி லேட்டாத்தான் வரும். அமாவாசை, பௌர்ணமின்னா சூரியனும் கூட சேந்து இழுக்கும், ரொம்ப ஏறும்."

"இன்னிக்கு அமாவாசை, நெலாவே இல்லியேம்மா, யாரு இழுக்கறது?"

சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்று மறுபடி கூடையைக் கவ்விக்கொண்டாள்.

ஓரத்துத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதென்று சேகர் கேனோடு நடுவாய்க்காலில் இறங்கினான். இறங்கியவன் தொடை வரை புதைந்தான்.

"இன்னாடா, நாத்து நடறியா?" என்று முதலில் நான் சிரித்தேன்தான். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் போகிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், நானும் முழங்கால் வரை இறங்கிவிட்டேன், இழுத்த இழுப்பில் அவன் சட்டைதான் கிழிந்து வந்தது. அப்போது பார்த்தேன், கடல் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்த ஒரு ரப்பர் செருப்பு நின்றது, திரும்பியது, எங்களை நோக்கி வர ஆரம்பித்தது.

"ஆடாம நில்லுங்க, படகு கொண்டாறேன்!" என்று அந்தப் பொம்பளை ஓடினாள்.

அலை இல்லை, சத்தம் இல்லை. யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போன தொட்டி மாதிரி தண்ணீர் ஏறியது. சேகருக்கு இடுப்பு, மார்பு, கழுத்து. காலி கேனை மூடி அவன் தாடைக்குக் கீழே கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நானா எறங்குனேன்னு அக்காகிட்ட சொல்லாத. வழுக்கிச்சின்னு சொல்லு."

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், எனக்கு வாய் நிற்காது. "யம்மா, கடலே, ஏறணும்னா எங்க ஊட்டுக்கு வந்து ஏறிக்கோ! வடமாலபேட்டை, மெயின் ரோடு, தனம் டிபன் கடைன்னா யாரும் சொல்வாங்க. இவன வுட்டுடு!" என்று கத்தினேன்.

நம்பினால் நம்புங்கள், தண்ணீர் நின்றது. சேகரின் கீழுதட்டில் வந்து நின்றது. அந்தச் செருப்பு ஆணி அடித்தது போல அசையாமல் பக்கத்திலேயே கிடந்தது.

போட் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆட்கள் முங்கி முங்கிக் கையாலேயே சேற்றைத் தோண்டினார்கள். அவ்வளவு நேரமும் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சேகரின் கடைசிக் கால் வெளியே வந்து அவனைப் போட்டில் போட்டதுதான் தாமதம், மார்பளவு நின்ற தண்ணீர் ஒரே மூச்சில் என் கழுத்துக்கு வந்தது. என்னையும் தூக்கிப் போட்டார்கள்.

அந்தப் பொம்பளை வலை கட்டும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உச்சிக்குப் போனா கொஞ்ச நேரம் நிக்கும்ணே, அது நாயம். பாதியில நின்னு நான் பாத்ததில்ல" என்றாள்.

காலி கேனோடு வீடு வந்தோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் கடைக்குள் நுழைந்தேன். தனம் என்னைப் பார்க்கவில்லை, பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் பைப்பே இல்லியே, எப்டி இப்டி ஊறுது?"

சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ஈரம். மேலே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் காய்ந்தது. காலையில் மறுபடி ஏறியது. மறுநாளும் வந்தது, கொஞ்சம் லேட்டாக. ரேணிகுண்டாவிலிருந்து கொத்தனார் வந்து, "அஸ்திவாரத்து ஈரம்" என்று பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசினார். புதுப் பூச்சிலும் ஏறியது.

அடுத்த அமாவாசைக்குச் சேகர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கோடு மேலே வந்தது. தோள், கழுத்து. அவன் கீழுதட்டுக்கு நேராக வந்து நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான், தட்டை வைத்துவிட்டு எழுந்தான். அதிலிருந்து எங்கள் கடையில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறான்.

பூசாரியைக் கூப்பிட்டு அதைப் போகச் சொல்லலாம் என்று தனம் கேட்டுப் பார்த்துவிட்டாள். நான்தான் விடவில்லை. விலாசம் சொல்லி அழைத்தவன் நான். போ என்று சொன்னால் அது போய்விடும். போனால் எங்கே போகும், சேகரின் உதட்டில் விட்ட இடத்துக்குத்தானே?