‘ரோசாக்’ என்று நான் பெயர் வைத்த ஃபைல்

ஸ்டெல்லா இறந்துவிட்டாள்.

இன்று காலை ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவள் மகன் கூப்பிட்டான். “ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க.” நான் “சரிப்பா” என்றேன்.

அவளைத் தெரியாதவர்களுக்கு: தெப்ரா என்ற ஊரில் ஒரு ஃபேன் ஃபேக்டரி. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற குட்டி ஃபேன். அங்கே டெஸ்ட் ரூமில் நானும் ஸ்டெல்லாவும் பதினாலு வருஷம் ஒரே மேசை. அவள் யோங் பெங் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள், வாய் ஜாஸ்தி. எனக்குக் கோபம் ஜாஸ்தி. எப்படியோ ஒத்துப்போனது.

மேசையில் ஒரு கவுண்டர் உண்டு. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதோடு ஒரு சென்சார்... ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கிற கண். நடுவில் ஃபேன் சுற்றும். இறக்கை வெளிச்சத்தை மறைக்கிற ஒவ்வொரு தடவையும் பெட்டி எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரியாக, நிமிஷத்துக்கு எத்தனை என்ற வேகம் கம்ப்யூட்டர் திரையில் வரும்.

அந்தப் பெட்டிக்கு ஸ்டெல்லா வைத்த பெயர் மாப்பிள்ளை. கேபிள் கொஞ்சம் ஆடினாலே எண்ணுவதை நிறுத்திவிடும், அதனால். “மாப்ள முறுக்கிக்கிட்டாரு லெச்சு, கொஞ்சம் தாங்கு.”

தினமும் காலையில் துணியால் துடைத்து, “இன்னிக்காச்சும் ஒழுங்கா எண்ணுங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுத்தான் ஆன் செய்வாள். சிரிக்காமல் சொல்வாள்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். சாப்பாட்டு நேரம். கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டால் “காத்து அடைச்சிருக்கு லா” என்பாள்.

அன்று விளையாட்டுக்கு விரலை சென்சாருக்குள் விட்டாள். கிளினிக்கில் விரலில் மாட்டுவார்களே, அந்த மாதிரி இதுவும் நாடியை எண்ணுமா என்று பார்க்க. நானும் சென்சிட்டிவிட்டியைக் கடைசி வரை திருகி வைத்தேன்.

எண்ணியது. எழுபத்திரண்டு... நூற்று முப்பது... நாற்பத்தெட்டு... நூற்றுப் பத்து. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே இல்லை.

“மாப்ளைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு,” என்றாள்.

எங்கள் டெஸ்ட் ரூமில் ஒரு பழக்கம். நம்பர் தாறுமாறாக வந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் சென்சார். அப்புறம் கவுண்டர். ஃபேனைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். நான் இதில் ரொம்பக் கறார்.

கேபிளை மாற்றினேன். வேறு சென்சார் போட்டேன். அவளை விரலை எடுக்க விடவில்லை. “ஆடாம இருடி” என்று அதட்டிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம்.

கடைசியில் என் விரலை விட்டுப் பார்த்தேன். பூஜ்யம். ஒன்றுமே வரவில்லை.

இரண்டு நாளைக்கு முன்னால்தான் விரல் நுனி முழுக்க மருதாணி வைத்திருந்தேன். கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. வெளிச்சம் எப்படி ஊடுருவும்... அது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கெட்டுப்போன மெஷினில் ஒட்டுகிற ‘ரோசாக்’ ஸ்டிக்கரை ஒட்டினேன். மலாயில் ‘பழுது’ என்று அர்த்தம். அத்தாட்சிக்காக அவள் நம்பர்களை ஒரு ஃபைலில் சேமித்து, அதற்கும் ‘ரோசாக்’ என்றே பெயர் வைத்தேன். மாப்பிள்ளையைச் சரிபார்க்கிற லேபுக்கு அனுப்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள். எந்தக் கோளாறும் இல்லையாம்.

நம்பாமல் என் விரலை விட்டேன். அதற்குள் மருதாணி வெளுத்திருந்தது. எழுபத்தாறு... எழுபத்தேழு... எழுபத்தாறு. திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஷிஃப்ட் முடியட்டும் லெச்சு, அப்புறம் போலாம்.”

“இப்ப வரப் போறியா, இல்ல நான் இழுத்துட்டுப் போகவா?”

ஆஸ்பத்திரியில் அன்றே அட்மிட் செய்தார்கள். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறதாம். மருந்து, மாத்திரை, அப்புறம் தோளுக்குக் கீழே பேட்டரி வைத்த ஒரு சின்னப் பெட்டி. அந்த மூன்று வாரம் தாமதித்ததில் ஏதாவது கெட்டுப்போனதா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பயம்.

லீவு முடிந்து வந்த முதல் நாள், பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். “மாப்ளையப் போயி சந்தேகப்பட்டுட்டியே, பாவி.” அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டில் சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். “ஸ்டெல்லா, அந்த மூணு வாரம்...”

“சாப்புடு லெச்சு, கறி ஆறுது,” என்று தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இன்று ஃபேக்டரிக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்தேன். கிளம்பும் முன் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபைல் இன்னும் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் வரிகள். நான் அதட்ட அதட்ட அவள் ஆடாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம், ஒவ்வொரு துடிப்பாக...

கடைசி வரி வரைக்கும் படித்தேன். அழுதேன். பிறகு ‘ரோசாக்’ என்பதை அழித்துவிட்டு ‘ஸ்டெல்லா’ என்று பெயரை மாற்றிச் சேமித்தேன்.

இப்போது யோங் பெங் போகிற பஸ்ஸில் இருக்கிறேன். நாளை காலை அங்கே சர்ச்சில் அடக்கப் பூசை. தெரிந்தவர்கள் வாருங்கள்.

மாப்பிள்ளையைத் தினமும் துடைத்து வைக்கிறேன் ஸ்டெல்லா... நீ போய் வா.