முனை சேராத பக்கம்

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். தாடிக்கொம்பு ரோட்டில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறோம். இரண்டு பேருமே தையல்காரிகள். அவள் மிஷின் சத்தம் சுவரைத் தாண்டி வரும். பாவாடையோ ஜாக்கெட்டோ, எதுவானாலும் நிற்காமல் ஓட்டுவாள். எனக்கு அப்படி ஓட்ட வராது. கோடு போட்ட துணியென்றால் தோளில் கோடும் கோடும் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் பிரிப்பேன், மறுபடி தைப்பேன். போடுகிறவளுக்கே தெரியாத கோட்டுக்கு இவள் எதற்கு இம்புட்டு மல்லுக்கட்டுகிறாள் என்று என் வாடிக்கைக்காரியிடமே அவள் சொல்லியிருக்கிறாள். அது என் காதுக்கும் வந்தது. ஆனால் எங்களுக்குள் பேச்சு நின்றது அதனால் இல்லை.

எங்கள் நாத்தனாரை ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பதினோரு வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு இன்றுவரை இல்லை. அவளும் நானும் ஒரே டாக்டரிடம் போனவர்கள், ஒரே மரத்தில் தொட்டில் கட்டியவர்கள். பன்னிரண்டாவது வருஷம் அவளுக்குத் தங்கியது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். முதல் நாள் இருந்தது, மறுநாள் போய்விட்டது. வளைகாப்பன்று எல்லாருக்கும் முன்னால் நான்தான் வளையலை எடுத்தேன். ஓரகத்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ செத்த நேரம் தள்ளி நில்லு. பிள்ள பெத்தவுக மொதல்ல போடட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் வலிக்காதா? வளையலைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் போனேன். அன்றைக்குப் பந்தியில் விழுந்த புளிச்சோறு என் கையால் கிளறியது. சோறு கிளற இந்தக் கை ஆகும், வளையல் போட ஆகாது. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் என் மடியில் கிடந்து வளர்ந்தவை. அன்றோடு அவளிடம் பேசுவதை விட்டேன். நாத்தனாருக்கு இது எதுவும் தெரியாது.

பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்து நாத்தனார் போன் போட்டாள். தொட்டில் போடுகிற அன்றைக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேரும் சீர் கொண்டுபோக வேண்டும் இல்லையா, கடை மெத்தையெல்லாம் வேண்டாம், மதினிமார் இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டுத்துணியில் ஒரு விரிப்பு தைத்துக் கொண்டுவாருங்கள் என்றாள். படமும் அனுப்பினாள். சின்னச் சின்ன முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் எட்டு முக்கோணம், எட்டின் முனையும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்து நட்சத்திரமாக நிற்கிறது. முனை ஒரு நூல் விலகினாலும் நட்சத்திரம் மொண்ணையாகிவிடும். படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அவளால் ஆகாது, என்னால்தான் ஆகும்.

பேசாமலே வேலையைப் பிரித்துக்கொண்டோம். இடையில் போய் வந்தது என் கணவர். பாவம், அவரை நாரதர் என்று யாரும் சொல்ல முடியாது, ஒரு பக்கம் சொன்னதில் பாதியைத்தான் மறுபக்கம் சொல்வார். இருபத்துநாலு சதுரம், ஆளுக்குப் பன்னிரண்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே அளவாக முக்கோணம் வெட்டி ஆளுக்கு ஒன்று, அதை வைத்துத்தான் துணியை வெட்டுவது. சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்சு. அவரவர் பாதியை அவரவர் முடித்து, கடைசியில் இரண்டு பாதியையும் நடுவில் ஒரு தையல் போட்டுச் சேர்ப்பது.

குழந்தைக்குப் பழந்துணிதான் போடுவார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல்சேலை. அதிலும் பிள்ளை பெற்று வளர்த்தவள் சேலை என்றால் விசேஷம். ஓரகத்தி தன் பழஞ்சேலைகளைக் கிழித்தாள், அந்தச் சத்தமும் சுவரைத் தாண்டி வந்தது. நான் என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பழஞ்சேலையை அந்தக் குழந்தைக்கு அடியில் போட்டால் யாராவது ஒருத்தி ஏதாவது சொல்வாள். யாராவது என்ன, இவளே சொல்வாள். அப்புறம் என் பாதியைப் பிரித்து எடுத்துவிட்டால்? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை என் கைபட்ட துணியில் படுக்க வேண்டும், ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. சின்னாளபட்டியில் வாங்கி ஒருநாள்கூட உடுத்தாத சிவப்புச் சுங்குடி ஒன்று இருந்தது. அதை எடுத்து வெட்டினேன்.

சுங்குடிச் சேலையை முடிச்சோடுதான் விற்பார்கள். துணியை நூலால் முடிந்து முடிந்து சாயத்தில் போடுவதால், முடிச்சை இழுத்துப் பிரித்த பிறகும் துணி சுருங்கியே இருக்கும். இரண்டு தண்ணீர் பார்த்தால்தான் விரியும். இது திண்டுக்கல்லில் தையல் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜாக்கெட்டு லைனிங்கையே தண்ணீரில் நனைத்துக் காயப்போடாமல் வெட்டாதவள் நான். ஆனால் நனைத்தால் புதுசின் முறுக்குப் போய்விடுமே, பழசு மாதிரித் தெரியுமே! இஸ்திரிப் பெட்டியைப் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். தட்டையாகப் படிந்தது. அதை நம்பிவிட்டேன். கோபத்தில் வெட்டுகிறவளுக்குக் கத்தரி சொன்ன பேச்சுக் கேட்குமா?

தைத்து முடித்தபோது என் பன்னிரண்டு சதுரத்திலும் முனைக்கு முனை அப்படியே நின்றது. குண்டூசி குத்திப் பார்த்தேன், எட்டு முனையும் ஊசி நுனியில் இருந்தன. எனக்கே கர்வம் தாங்கவில்லை. வரட்டும், அவள் தன் கோணல் பாதியைக் கொண்டுவந்து இதற்குப் பக்கத்தில் வைக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்போதுதான் என் கணவர் வந்து, புதுச்சாயம் பிள்ளைக்கு ஆகாதாம், சேர்க்கும் முன்னால் அலசச் சொன்னாள் மதினி என்றார். அவள் சொல்லி நான் கேட்பதா என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் சொன்னது நியாயம். உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டேன்.

சாயங்காலம் எடுத்துக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். துணி விரிந்துவிட்டது. அதுவும் ஒரே சீராக விரியவில்லை, முடிச்சு நெருக்கமாக இருந்த துண்டு அதிகமாகவும் மற்றது கொஞ்சமாகவும் விரிந்து, முக்கோணங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. நட்சத்திரம் எல்லாம் வாய் கோணிக்கொண்டது. நான் உட்கார்ந்து அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அவள் தன் பாதியைச் சுருட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அவள் பாதி ஒன்றும் பிரமாதமில்லை, அவசரத்தில் ஓட்டியது, ஆனால் பழந்துணி அலைபாயாமல் படுத்துக் கிடந்தது. நடுவில் முதல் முனை சேர்ந்தது. இரண்டாவது ஒரு நூல் விலகியது. ஆறாவதுக்கு வரும்போது ஒரு விரல் அகலம் வித்தியாசம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்வாள் என்று பார்த்தேன். அவள் என் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசப் போயி ஏன் வெட்டுன? பழசு இல்லயா ஒங்கிட்ட?"

"இருக்கு. ஏம் பழசு ஆகுமோ ஆகாதோ. நீதான தள்ளி நிக்கச் சொன்ன."

சொல்லிவிட்டேன். அவள் முகம் கறுத்தது. மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவள், கேட்கவும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைக்கிறேன் என்று நான் பிளேடை எடுத்தேன். நாலு நாள்தான் இருக்கிறது, பிரித்தால் துணி நைந்துபோகும் என்று பிளேடை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"முனை சேரலேன்னா சேரல. பிள்ள முனையவா பாத்துக்கிட்டுப் படுத்திருக்கும்?"

அவள் பேசிய எதையும்விட இதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. என் உசிரைக் கொடுத்துத் தைத்ததைச் சேரலேன்னா சேரல என்கிறாள். ஆனால் அவள் குண்டூசியை எடுத்து நடுவிலிருந்து இரண்டு பக்கமும் குத்த ஆரம்பித்தாள், என் பக்கத்தில் மிஞ்சிய துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கி. நான் மறுமுனையைப் பிடித்தேன். பாதி முனைகள் ஒத்து வந்தன. மீதியை விட்டோம். நான் விடவில்லை, கை விட்டது.

போகும்போது நிலைப்படியில் நின்று, அடித்துணிக்கு ஒரு பழஞ்சேலை வேண்டும், என்னுடையதெல்லாம் வெட்டித் தீர்ந்துவிட்டது, உன்னுடையதில் ஒன்று கொடு என்றாள். பொய். கொல்லைக் கொடியில் அவளுடைய பழைய நூல்சேலை மூன்று காய்ந்துகொண்டிருந்தன, இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியின் அடியிலிருந்து வெளுத்த நீலச்சேலையை உருவி அவள் கையில் எறிந்தேன். மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போனபோதெல்லாம் எட்டு வருஷமாக நான் கட்டிய சேலை அது. ஒரு தடவை துணைக்கு வந்தவள் அவளே. அன்றைக்குத் திரும்பி வரும்போது அந்த முந்தானையில்தான் நான் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தேன். இதைப் போடு பார்ப்போம், உன் தைரியத்தைப் பார்ப்போம் என்றுதான் கொடுத்தேன். சேலையை அடையாளம் கண்டுகொண்டாள். மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தொட்டில் போடுகிற அன்று ஒட்டன்சத்திரத்து வீட்டில் கூடம் நிறையப் பெண்கள். நாத்தனாரின் மாமியார் விரிப்பைப் பிரித்து நட்சத்திரம் தெரிகிற பக்கம் மேலே வருகிற மாதிரிப் பாயில் போட்டார். தொட்டிலில் இடுவதற்கு முன்னால் பிள்ளையை அதில்தான் கிடத்த வேண்டும். "ரொம்ப நேர்த்தியா இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கணத்தில் ஓரகத்தி குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டினாள்.

"இந்தப் பக்கம் வேணாம்மா. இவ தச்சதுல முனை சேரல. அடிப்பக்கத்த மேல போடுங்க, மெத்துனு இருக்கும்."

அத்தனை பேர் முன்னால். என் காது சுட்டது. வெளுத்த நீலச்சேலை மேலே வந்துவிட்டது. பழசாக இருக்கிறதே, யாருடைய சேலை என்று ஒருத்தி கேட்டாள். கேட்பாள் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தானே இத்தனை நாள் பயந்தேன். "இவளோடதுதான்" என்றாள் ஓரகத்தி, மூன்று பெற்றவள், கேட்டவளை நேராகப் பார்த்து. அதற்கு மேல் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிள்ளையை வாங்கி அந்தச் சேலை மேல் கிடத்தியதும் அவளே. பிள்ளை காலை உதைத்து, கொஞ்ச நேரத்தில் ஈரமும் ஆக்கிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு கிடைத்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டும்வரை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏந் தையலு சரியில்லனு ஊருக்கே சொல்லணுமா?"

அவள் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வேற என்னத்தச் சொல்லி ஒஞ் சேலைய மேல திருப்பிப் போடச் சொல்ற?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவள் பார்த்துவிடக் கூடாது. முந்தானையை எடுத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்காமலே திண்டுக்கல் வரை வந்தேன்.