ரஷ்யருக்குத் துருத்தி அமுக்கினேன்

துருத்தி அமுக்குகிற வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மூச்சுத் தவறினால் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். யாருக்காவது பின்னால் நின்று காற்றுக் கொடுத்தே வயது போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மூன்று சொல் தமிழ்

பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று போன பிறகு, கண்டியில் எங்கள் மாதா கோயில் ஓர்கன் வாத்தியத்துக்குத் திரை மறைவில் நின்று துருத்தியால் காற்றடிக்கும் வேலையைச் சுவாமியார் எனக்குத் தந்தார். வாசித்தவர் ஒரு ரஷ்யர். அவர்கள் நாட்டில் ராசாவையே சுட்டுவிட்டார்களாம். இவர் கப்பல் மாறிக் கப்பல் ஏறி இங்கே வந்து சேர்ந்தார். அங்கே பெரிய மண்டபங்களுக்கு இசை எழுதியவராம். இங்கே ஞாயிறு பூசைக்கு நாலு பாட்டு. அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல்: "அம்மா", "காத்து", "போதும்".

அடக்கம் செய்யக்கூட முடியாமல் விட்டுவந்த தன் தாய்க்காகக் கால்மணி நேர இசை ஒன்று எழுதியிருந்தார். ஒரு தடவையாவது அதைக் கோயிலில் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டார். சுவாமியார் கோயில் கமிட்டியைக் கைகாட்டினார். கமிட்டித் தலைவர் முனிசிபல் கிளாக்கர். பாட்டு நீண்டால் குடையால் திரையோரப் பலகையைத் தட்டுவார். நான் கையை எடுத்துவிட வேண்டும். பாட்டு மூச்சடங்கிப் போகும்.

"தாய்ப்பாசம் நல்லதுதான் சூசம்மா, ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா பக்தி கெட்டுரும்" என்றார் கிளாக்கர் என்னிடம்.

பெண் வரத் தாமதம்

ஒரு கல்யாணம். நாவலப்பிட்டியிலிருந்து பெண் வரும் காருக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. காத்திருந்த நேரத்தில் ரஷ்யர் தாயின் பாட்டைத் தொடங்கினார். கோயிலே அடங்கிப் போயிற்று. எனக்கும் என் பிள்ளைகள் ஞாபகம். பாதியில் பெண் வந்து இறங்கினாள். குடை தட்டியது. கையை எடுத்தேன். ரஷ்யர் திரும்பித் திரையைப் பார்த்தார்.

பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்: "மாப்பிள்ள வீட்டாரெல்லாம் அழுதுட்டாங்க பாத்தீங்களாக்கா, எங்க பொண்ணு அவ்வளவு அழகு!"

துரைசாணி ரசித்தது

ரஷ்ய இசை என்றால் உயிர் என்று ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி தோழிகளோடு வந்தார். துரைசாணி கேட்டதால் கமிட்டிக்கும் பக்தி நீண்டுவிட்டது. பாட்டு தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது. மெதுவான இடத்தில் பெரிய சிரிப்பு. தேத்தண்ணி நேரம் வர எல்லாரும் எழும்பினார்கள். உடனே குடை தட்டியது.

துரைசாணி ரஷ்யரிடம் இங்கிலீஷில் சொன்னதை மணியடிக்கும் அந்தோனி எனக்குத் தமிழில் சொன்னான்: "ரொம்ப நல்லா இருந்திச்சாம், அடுத்த தடவ கொஞ்சம் மெதுவா வாசிக்கணுமாம், அவங்க பேசுறது அவங்களுக்கே கேக்கலையாம்."

காது

ரஷ்யர் மறுபடி வேறு நாட்டுக்குக் கப்பல் ஏறப் புறப்படும் நாள். காலைப் பூசை முடிந்து சனம் போன பிறகு வாசித்துக்கொள்ளச் சுவாமியார் விட்டார். கேட்க ஒருவரும் இல்லை. பாதி தாண்டும்போது கமிட்டிக் கூட்டத்துக்கு வந்த கிளாக்கர் பலகையைத் தட்டினார். காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஈயக்குண்டையே பார்த்துக்கொண்டு, ஓர் அமுக்குக்கு ஒரு 'மரியே வாழ்க' செபம் சொன்னேன். மறுபடி தட்டினார். "காது கேக்கலையா?" என்று கத்தினார். நான் அமுக்கினேன். கடைசி நாதம் முகட்டில் போய்த் தேய்ந்தது.

அதற்குப் பிறகும் அமுக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன். ரஷ்யர் திரையை விலக்கி வந்து என் கையைப் பிடித்தார்: "போதும், அம்மா."

அடுத்த ஞாயிறே காதைக் காட்டச் சொல்லிக் கமிட்டி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. காது நன்றாகக் கேட்ட காலத்தில்தான் எனக்கு நோய் இருந்தது என்பதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.