நன்றிப் பக்கம்

புத்தகம் எழுதுகிறவர்கள் முதலிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நன்றி சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன் எவனோ, அவன் ஒரு நாள் தன் ஷெட்டுப் பக்கம் வரவேண்டும் என்று பெர்னார்ட் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தால் என்ன செய்வார் என்று சொன்னதில்லை. சொல்லும்போது கையில் ஸ்பேனர் இருக்கும்.

ஜோகுபாளையத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிறவர் அவர். ஏழாவதோடு படிப்பை விட்டாயிற்று. வீட்டுக்குள் புத்தகம் என்று வந்ததெல்லாம் அக்கா மகள் குளோரியாவால் வந்ததுதான். புருஷன் செத்த பிறகு அக்கா பிரிஜெட் மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். குளோரியா சோறு தின்னும்போதும் படிப்பாள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் படிப்பாள். பி.ஏ.வுக்கு ஹிஸ்டரி எடுத்தாள்.

"செத்தவங்களைப் பத்திப் படிச்சு என்னடி பண்ணப்போறே?" என்று கேட்டார்.

"அவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க மாமா. உங்க மாதிரி இல்ல."

தொண்ணூற்றொன்பது கோடை லீவில் அவளுக்கு ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. நகரத்தின் அந்தக் கோடியில், மரம் அடர்ந்த பெரிய காம்பவுண்டு. இரண்டு மாதம் அங்கே இன்டர்னாக இருந்து ஒரு மேடத்துக்குக் கீழே வேலை கற்றுக்கொள்ள வேண்டும். மேடம் நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்தால் டெல்லியில் எம்.ஏ. படிக்கலாம். அந்தக் கடிதம்தான் அவளுக்குக் குறி. டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே மலிவு என்றுகூட அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள்.

கூட வந்தவர்கள் பெரிய காலேஜ் பிள்ளைகள். அவர்களுக்கு லைப்ரரியில் ஃபேனுக்குக் கீழே பழைய மேப்புகளைப் பார்க்கிற வேலை. குளோரியா கையில் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள். தொண்ணூற்றொன்றில் காவேரித் தண்ணீர்க் கலவரம் நடந்தபோது இந்த ஊர்த் தமிழர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். "உன்னை நம்பிப் பேசுவார்கள்" என்றாராம் மேடம்.

எங்கே பேசினார்கள்? டேப்பை எடுத்து வைத்ததும் ஜோகுபாளையமே கன்னடத்துக்கு மாறிவிட்டது. "ஏனூ ஆகில்லம்மா" என்றார்கள். ஒன்றும் ஆகவில்லையாம். எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்களாம். முன்பின் தெரியாதவர்கள் அந்தக் கலவர டிசம்பரைப் பற்றிக் கேட்டால் கன்னடத்தில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. தானாகப் படிந்துபோன பழக்கம். பெர்னார்டும் ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் ஒப்பித்தார்.

"மாமா, நான் குளோரியா. தமிழ்லயே பேசுங்க."

"நீ குளோரியா சரி. இது யாரு?" என்று டேப்பைக் காட்டினார்.

கேசட்டுகளைக் கேட்ட மேடம் உதட்டைப் பிதுக்கினார். இதில் ஒன்றுமே இல்லையே, இதை வைத்து உனக்கு என்னவென்று கடிதம் எழுதுவது என்று கேட்டார்.

ஒன்றுமே இல்லாமலா? எதிர்வீட்டு கோவிந்தப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். காவேரித் தண்ணீரில் வயல் விளைகிற மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரர். தொண்ணூற்றொன்றில் கூட்டம் தெருவுக்குள் நுழைந்தபோது பெர்னார்ட் குடும்பத்தையும், இட்லிக்கடை பாஞ்சாலி குடும்பத்தையும் தன் வீட்டுப் பின்கட்டில் போட்டுப் பூட்டியவர் அவர்தான். பாஞ்சாலியின் தள்ளுவண்டி வாசலில் எரிந்துகொண்டிருக்க, படியில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி, "இல்லி யாரூ இல்ல, முந்தே ஹோகி" இங்கே யாருமில்லை, மேலே போங்கள் என்று கூட்டத்தை அனுப்பி வைத்தார். எல்லாம் அடங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டார். "இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா நான் ஊருக்குள்ள போக முடியாது." சரி என்று தெருவே வாயை மூடிக்கொண்டது. அவர் மகள் மமதாவும் குளோரியாவும் அந்தப் பின்கட்டில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். அவர்களும் சொல்லவில்லை.

குளோரியா பாஞ்சாலியைத்தான் பிடித்தாள். பேரெல்லாம் மாற்றிவிடுவார்கள், சத்தியம் என்றாள். எட்டு வருஷமாக மென்று முழுங்கியதைப் பாஞ்சாலி ஒரு மத்தியானம் முழுக்க டேப்புக்குக் கொட்டினாள். மேடம் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரை மாற்றிவிடுவீர்கள்தானே என்று குளோரியா இரண்டு தடவை கேட்டாள். "அது எங்கள் தொழில் தர்மம் இல்லையா" என்றார் மேடம். கடிதமும் கொடுத்தார்.

கையில் கடிதம் வந்தும் குளோரியா உடனே கிளம்பவில்லை. அந்த வருஷம் அக்காவுக்கு ஆபரேஷன். டிகிரி முடித்து ஒரு நர்சரி ஸ்கூலில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். டெல்லி தள்ளித் தள்ளிப் போயிற்று. இரண்டாயிரத்து இரண்டில் புத்தகம் வந்தது. ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கே ஓடி வந்தாள். கோவிந்தப்பா உள்ளே 'ராமையா' ஆகியிருந்தார். தெருவின் பேரும் மாறியிருந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உன் பேரு எங்கடி?" என்றார் பெர்னார்ட்.

நன்றிப் பக்கத்தில் இருக்கும் என்று திருப்பினாள். அவள் பேர் இல்லை. 'எங்கள் மாணவ உதவியாளர்கள்' என்று மொத்தமாக ஒரு வரி. அதற்கு மேல், மனம் திறந்து உதவிய ஜோகுபாளையம் பாஞ்சாலிக்கும், துணிச்சல்காரர் லைன்மேன் கோவிந்தப்பாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

"அட, நம்ம கோவிந்தப்பா பேரு அச்சுல வந்திருக்கே" என்று பெர்னார்ட் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

உள்ளே ராமையா என்கிற லைன்மேன், முன்பக்கத்தில் கோவிந்தப்பா என்கிற லைன்மேன். சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு கன்னட வாரப் பத்திரிகைக்காரன் சேர்த்துப் பார்த்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, மனிதன் என்றால் இவரல்லவா என்று புகழ்ந்துதான் எழுதினான். அந்த வருஷம் காவேரியில் தண்ணீர் இல்லை. மண்டியாவில் வயல் காய்ந்து, தமிழர்களுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மமதாவுக்கு அந்தப் பக்கம்தான் மாப்பிள்ளை பேசி, தேதியும் குறித்திருந்தது. பையனின் பெரியப்பா வந்து, இந்தச் சமயத்தில் உங்கள் வீட்டில் பெண்ணெடுத்தால் நாங்கள் ஊரில் நடமாட முடியாது என்று தாம்பூலத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

குளோரியாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்து பெர்னார்ட் அந்த நிலையத்துக்கே போனார். மேடம் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "அப்படிப்பட்ட மனிதரின் பேர் காணாமல் போய்விடக்கூடாது என்றுதான் போட்டேன்" என்றார்.

"அவரே மறைச்சு வெச்ச பேரும்மா அது" என்றார் பெர்னார்ட்.

"எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. நானே அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்."

"எழுதாதீங்க மேடம்" என்றாள் குளோரியா. டீ ஆடை கட்டிப்போயிற்று.

கோவிந்தப்பா வீட்டுக்கு அவள் தனியாகப் போனாள். அவர் திட்டவில்லை. கதவைப் பாதி திறந்து, "பரவால்ல மகளே, நீ சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. மமதா சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து வரவில்லை.

அதற்குப் பிறகு டெல்லிப் பேச்சே இல்லை. அந்தக் கடிதத்தை என்ன செய்தாள் என்று பெர்னார்ட் கேட்டதுமில்லை. கால் சென்டரில் சேர்ந்தாள். விடியும்போது வந்து பகலெல்லாம் தூங்குவாள். எதையாவது படியேன்டி என்று அக்கா கெஞ்சினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியே அவளைப் புனேவுக்கு மாற்றியது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு பெர்னார்ட்தான் பெட்டியைச் சுமந்து போனார். ஊரில் என்னென்ன வேலை பாக்கி, அக்காவுக்கு எந்த மாத்திரை என்று பேசி முடித்தார்கள். ரயில் வந்து நின்றது.

"மமதாவுக்கு வேற இடம் பார்க்கறாங்களாம் மாமா. அதுவும் அவங்க ஊர்ப்பக்கம்தான். விசாரிக்க ஆளுங்க வருவாங்க."

"நல்லதுதானே."

"நீங்க ஷெட்டுல இருந்துக்கிட்டு, கோவிந்தப்பாண்ணே கோவிந்தப்பாண்ணேன்னு ரோடு பூரா கேக்கற மாதிரி கூப்பிடறீங்க. டீ குடிக்க இழுத்துட்டுப் போறீங்க."

"பின்ன? உசிரைக் காப்பாத்தின மனுஷனை எப்படிடி கூப்பிடறது?"

குளோரியா பெட்டியை வாங்கிப் படியில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே அவரை ரோட்டுல பார்த்தா, யாரோ மாதிரி போயிடுங்க மாமா."