எர்சீலியா வெட்டிய குலைகள்

மார்க்கே வட்டாரத்து மலைச்சரிவில் வெர்திக்கியோ திராட்சையில் வெள்ளை ஒயின் செய்யும் எல்லோருக்கும் எர்சீலியாவின் கோபம் தெரியும். அடிமாட்டு விலைக்குக் கேட்ட வியாபாரி ஒருவனை நாயை அவிழ்த்துவிட்டு விரட்டியவள் அவள்.

கொடியைக் கசக்கி அளவுக்கு மீறிப் பழம் எடுத்து, தண்ணீராட்டம் ஒயின் விற்று ஊர்ப்பெயரைக் கெடுக்கிறார்களே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். ஹெக்டேருக்குப் பழத்தின் அளவைக் குறைக்க வேண்டும், மீறுகிறவர்கள் புட்டியில் ஊர்ப்பெயரைப் போடக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"எங்க வயித்துல அடிக்கிறியே, எர்சீலியா!" என்றான் பெரியப்பா மகன் நட்சரேனோ.

"ஊர் பேர வித்து வளக்கிற வயிறு எதுக்குண்ணே?"

அவள் கேட்டபடியே சங்கம் அந்த விதியைக் கொண்டுவந்தது. சில வருஷங்களில், மழையும் வெயிலும் பருவம் தப்பாமல் அமைந்த ஒரு கோடையில், அவள் கொடிகளே தாங்க முடியாமல் காய்த்தன. நட்சரேனோ வேலியோரம் வந்து நின்று சிரித்தான்.

"என்னம்மா, சட்டக்காரி! அளவு தாண்டுதுபோல?"

அவள் கணவன் எலியோ மெதுவாகச் சொன்னான்: "விடு. யாரு வந்து நிறுத்துப் பாக்கப்போறா?"

"வாய மூடு! நானே திருடுனா அவன எப்படித் திருடன்னு சொல்றது?"

கத்தரிக்கோலை எடுத்தாள். அளவுக்கு மிஞ்சிய பச்சைக் குலைகளை வெட்டித் தரையில் போட்டாள். அந்த விதியை, நட்சரேனோவை, எலியோவை, தன் வாயை என்று ஒன்றையும் விடாமல் திட்டிக்கொண்டே வெட்டினாள். கண்ணில் நீர் வந்தது. அதற்கும் எரிச்சல்பட்டாள்.

ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை அடித்தது. மிச்சம் விட்டிருந்ததிலும் பாதி போயிற்று. வெட்டாமல் விட்ட நட்சரேனோவுக்கு மழை அடித்தது போக மீந்ததிலேயே தொட்டி நிறைந்தது.

குளிர்காலக் கூட்டத்தில் அளவைப் பழையபடி உயர்த்தச் சொன்னான் அவன். "இவ தோட்டத்தப் பாருங்க, சட்டம் போட்டவளுக்கே கஞ்சியில்ல!"

எர்சீலியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஆலங்கட்டிய நானா கூப்பிட்டேன்? வானம் அடிச்சதுக்குச் சட்டத்த ஏன் குத்தம் சொல்றீங்க? உங்களுக்கு வெக்கமாயில்ல?"

அவள் பக்கம் இரண்டு கைகள்தான் உயர்ந்தன. தோற்றாள். கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினாள்.

ரோமிலிருந்து அரசின் ஒப்புதலும் வந்து அளவு உயர்ந்தது. அடுத்த கோடையிலும் அவள் பழைய கணக்குக்கே வெட்டினாள், அதே வசவுகளோடு. கோயிலில் நட்சரேனோ உட்காரும் பெஞ்சில் மட்டும் இன்றுவரை அவள் உட்காருவதில்லை.